பரஸ்தானம் வைத்த பை

ஒட்டகச்சிவிங்கியை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை எனக்கு ஐம்பது வயதைத் தாண்டி வந்தது. ஆசை என்று சொல்வதே தப்பு, வெறி என்று சொல்ல வேண்டும். புதுச்சேரியில் ஒரு கண் ஆசுபத்திரியில், கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்த கூடத்தில், சுவரில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்கப் பாடுபட்டது. முன்னங்கால்களை அகட்டியது, போதாமல் இன்னும் அகட்டியது, கழுத்தை இறக்கியது, எதற்கோ பயந்து தூக்கியது, மறுபடி இறக்கியது. மருந்தின் வேகத்தில் எனக்கு எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது. அப்படியும் கண்ணை எடுக்கவில்லை. என் விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்துகொண்டே வருகிறது என்று டாக்டர் சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

"மருந்து இருக்குங்களா?" என்று அவரிடம் கேட்டது என் கணவர்.

"இப்போதைக்கு இதுக்கு இல்லைங்க. எவ்வளவு நாள் தாங்கும்னும் சொல்ல முடியாது. ஒரு வருஷமோ, கூடவோ. ஏதாவது பாக்கணும்னு இருந்தா தள்ளிப் போடாதீங்க."

நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பார்க்க வேண்டியது என்று நான் எதை எடுத்து வைத்திருந்தேன்? காரைக்காலில் பிறந்து, காரைக்காலில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு அடித்து, விழிதியூர்க்காரருக்குக் கழுத்தை நீட்டி, திரும்பவும் காரைக்கால் டவுனுக்கே குடிவந்தவள். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டியே பாதி ஆயுசு போயிருந்தது. ஊட்டிக்கு ஒருமுறை போனேன், அதுவும் மழையில். திரும்பி வருகிற பஸ்ஸில், கடலூர் தாண்டியதும், "எனக்கு ஆப்பிரிக்கா போகணுங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "போவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதை நான் எழுதவில்லை. போனிடம் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. பிறகு என் மகள் படித்துக் காட்டித் திருத்துவாள். என் திட்டுகளை மட்டும் திருத்தக் கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்போது நான் உலகத்தை ஒரு குழாய் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர் எதிரே இருப்பது தெளிவாகத் தெரியும். பக்கத்தில் யானையே நின்றாலும் தெரியாது. வெயிலிலிருந்து நிழலுக்குப் போனால் கொஞ்ச நேரம் ஒரே இருட்டு. பொழுது சாய்ந்துவிட்டால் அவ்வளவுதான், வாசற்படிகூடக் காலால் தேடிப் பார்க்கிற காரியம். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து எல்லோரும் மாம்பழம் வீசுகிறார்கள், கீழே நிற்பவர்கள் தாவித் தாவிப் பிடிக்கிறார்கள். நான் நின்ற இடத்துக்கு ஒன்று வந்தது, அது வருவதே தெரியாமல் நெற்றிப்பொட்டில் வாங்கிக்கொண்டேன். அம்மையார் கொடுத்த பழம், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அழுகிற விஷயத்தை வெளியே சொல்லவும் வழியில்லை. இது பரம்பரையாக வருகிற நோய். சென்னையில் வேலை பார்க்கிற என் ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். தாய்க்குக் கண் போகிறது என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் விழிதியூர் முழுக்கத் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதுகு வலி என்று சொல்லி வேலையை விட்டேன். முழங்கால் வலி என்று சொல்லி மாலை நேரத்து விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். எனக்கு இல்லாத வலி எல்லாம் ஊருக்குத் தெரியும். இருந்த ஒன்று வீட்டில் என் கணவருக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும்.

மகளுக்கு இந்த மறைப்பு பிடிக்கவே இல்லை. "கட்டிக்கப் போறவனுக்குத் தெரிய வேணாமாம்மா?" என்பாள். நிச்சயம் ஆனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை அடைப்பேன். ஆப்பிரிக்கா விஷயத்தில் மட்டும் அவள் முழுக்க என் கட்சி. சென்னையில் ஒரு பயண ஏஜெண்டைப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். தான்சானியா என்று முடிவானது. லட்சக்கணக்கான காட்டு மாடுகள் ஆற்றைக் கடக்கிற மாதம் நமக்கு ஆடி. ஆடியில் யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள், ஆவணி பிறந்தால்தான் பேச்சு. என் கண்ணுக்கும் அவள் கல்யாணத்துக்கும் நடுவில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மாதம்.

ஏஜெண்ட் போட்டுக் கொடுத்த திட்டம் அழகாகத்தான் இருந்தது. முதலில் சான்சிபார் கடற்கரையில் ஓய்வு, அப்புறம் அந்தத் தீவின் பழைய நகரம், மிருகங்கள் கடைசியில்.

"திருப்பிப் போடுங்க. மிருகம் முதல்ல," என்றேன் போனில்.

"மேடம், எல்லாரும் சஃபாரியக் கடைசிலதான் வச்சுக்குவாங்க. அப்பதான் அது மனசுல நிக்கும்."

மனதில் நிற்பது இருக்கட்டும், கண்ணில் நிற்க வேண்டுமே. அதைச் சொல்ல முடியாமல் "நான் சொன்ன மாதிரி போடுங்க" என்று பல்லைக் கடித்தேன். என் கணக்கு வேறு. மிருகத்துக்குக் கண் முழுசாக வேண்டும், அதனால் அது முதலில். கடற்கரைக்குப் பாதிக் கண் போதும், மீதியைக் காதும் காலும் பார்த்துக்கொள்ளும். பழைய நகரத்தில் மரக்கதவுகளில் நெருக்கமாகச் செதுக்கல் இருக்கும், பித்தளைக் குமிழ்கள் பதித்திருப்பார்கள் என்று மகள் படித்துச் சொல்லியிருந்தாள். அதைத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் அது கடைசியில். போகிற இடத்திலேயே கண் போய்விட்டால் என்ன செய்வது என்று வரிசை போட்டு ஊர் சுற்றக் கிளம்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த ஏஜெண்ட் கடைசியில் குரலைக் குழைத்து, எங்களுக்காக இரவு சஃபாரி ஒன்றை இனாமாகச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

இதெல்லாம் தெரிந்த இன்னொரு ஆள் பக்கத்து வீட்டு மதாம். எங்கள் வீட்டுக்கு வடபக்கத்து வீடு. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இறந்தவர், மகன் பாரிஸில். எழுபதைத் தாண்டியும் உதட்டில் லேசாகச் சாயம் பூசிக்கொண்டு காலைப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகிற மனுஷி. தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். ஒரு மாலை கொடியில் துணி எடுக்கப் போனவள் நடுவில் இருந்த குட்டைச் சுவரில் மோதி நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டார். மறுநாள் நானே போய்ச் சொன்னேன். சொன்னபோது எனக்குப் பாரம் இறங்கியது உண்மை.

"ஆப்பிரிக்காவுல நாலு வருஷம் இருந்தேன்னுதான் பேரு," என்பார். "ஜிபூத்தியில குவார்ட்டர்ஸ். ஒரு சிங்கத்தக்கூட நான் பாக்கல. ஆடுதான். மரத்து மேல ஏறி நின்னு எல தின்னுக்கிட்டு இருக்கும். நீ போயி நல்லதாப் பாத்துட்டு வா. ஆனா மிருகத்த மட்டும் பாத்துட்டு ஓடி வந்துடாத. சான்சிபார்ல மனுசன வித்த எடம் இருக்காம். நம்ம ஊர்லேர்ந்தும்தான் ஆளுங்கள ரெயூனியன் தீவுக்குக் கப்பல் ஏத்துனாங்க. அங்க போயி ஒரு நிமிஷம் நின்னுட்டு வா."

தைரியம் சொல்லும்போது அவர் என் கண்ணைப் பற்றிப் பேசவே மாட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

தொலைநோக்கியில் பார்க்கப் பழகுவதற்காக விடிந்ததும் நானும் என் கணவரும் கடற்கரைக்குப் போனோம். அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் நின்றால் கிளிஞ்சல்மேட்டு மீனவர் படகுகள் வருவது தெரியும். அவருக்குத் தெரியும். குழாய்க் கண்ணோடு அவ்வளவு பெரிய கடலில் ஒரு படகைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. "அதோ பாரு, அதோ" என்பார். உலகத்தில் அதோ என்ற சொல்லைப்போல் என்னை எரிச்சல்படுத்தியது வேறில்லை. அதோ என்றால் எங்கே? நாலைந்து நாள் நான் கத்திய பிறகு பழகிக்கொண்டார். "மூக்குக்கு நேர வச்சுக்க. அப்படியே எடது பக்கம் மெதுவா வா. இன்னும். நில்லு. இப்பக் கொஞ்சம் கீழ." பாவம், தண்டவாளத்தில் கொடி காட்டுகிறவர் மாதிரி நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். சட்டென்று வட்டத்துக்குள் ஒரு நீலப் படகு வந்து நிற்கும், அதில் ஒருவன் வலையை மடித்துக்கொண்டிருப்பான். அவன் மடித்து முடிக்கும்வரை நான் கையை இறக்கமாட்டேன்.

ஒருநாள் மீன்கூடையோடு போன ஒரு பெண், நான் கடலையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "கடலுக்குப் போனவங்களா? வந்துருவாங்கம்மா, காத்து நல்லாத்தான் இருக்கு," என்றார். இல்லை, ஒட்டகச்சிவிங்கி பார்க்கப் பழகுகிறேன் என்று அந்தக் கரையில் நின்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். அவரும் கொஞ்ச நேரம் என்னோடு நின்று கடலைப் பார்த்தார்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு படகு கிடைக்கவே இல்லை. "ஒனக்கு நேராத்தான் நிக்குது" என்கிறார் அவர். எனக்கு வெறும் தண்ணீர். இடது, வலது, கீழே, எங்கே திருப்பினாலும் தண்ணீர். குழாய் அவ்வளவு இறுகிவிட்டதா, இல்லை நான்தான் அவசரப்பட்டுத் திருப்பினேனா, தெரியவில்லை. தொலைநோக்கியை மணலில் வீசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "போக வேணாங்க. போயி நான் என்னத்தப் பாக்கப் போறேன்?" என்றேன். அவர் அதை எடுத்து, சட்டை நுனியால் மணலைத் துடைத்து, மறுபடி என் கழுத்தில் மாட்டினார். பயம் என்றால் அதுதான் பயம். இந்த வாரம் தெரிவது அடுத்த வாரம் தெரியாமல் போகலாம், எதை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

இந்த லட்சணத்தில் என் நாத்தனார் வேறு. என் கணவருக்கு மூத்தவர், விழிதியூரில் நிலத்தையும் வீட்டையும் ஒற்றை ஆளாகக் கட்டி ஆள்கிறவர். தம்பிமேல் உயிர். என்மேல் உயிரா என்று கேட்டால் அன்றைக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். கண் விஷயம் அவருக்குத் தெரியக்கூடாது என்பதில் நான் கெட்டியாக இருந்தேன், ஏனென்றால் மகளுக்கு வரன் கொண்டுவந்தவரே அவர்தான்.

"பொண்ணு கல்யாணத்த வச்சுக்கிட்டுப் புலியப் பாக்கப் போறாளாம் புலிய," என்று ஒருநாள் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கும்படியாகவே. ஆப்பிரிக்காவில் புலி கிடையாது என்று சொல்ல நாக்கு துடித்தது. "ஆவணியில அவங்க வர்றப்ப நீங்க இங்க இருந்து பேசி முடிக்கணும். இந்த எடம் கை நழுவிப் போயிடுச்சுன்னா அப்பறம் கண்ணு கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம்தான்." நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டேன். சாதாரணமாக எல்லோரும் சொல்கிற சொலவடை. என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

போவது உறுதி என்றான பிறகு நாத்தனார் கிளம்புகிற நாளைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு விமானத்தில் இடம் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமையில்தான்.

"செவ்வாக்கெழம வடக்க சூலம். சென்னை எந்தப் பக்கம் இருக்கு? வடக்க. தெரிஞ்சே போயி முட்டிக்கணுமா?" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "பரஸ்தானம் வச்சுடுவோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது உண்டு. கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணம் போகிறவரின் பை ஒன்றைப் போகிற திசையில் இருக்கிற வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு அந்தப் பை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. கிளம்புகிற அன்று போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். கண் போகிறவளுக்கு நம்பாத சாமி கிடையாது. திருநள்ளாற்றில் எள் விளக்கு ஏற்றினேன், மதாமோடு போய் மாதாவுக்கு மெழுகுவத்தியும் ஏற்றினேன். சூலத்தோடு எனக்கென்ன பகை?

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் ஒரு சின்னப் பையில் புடவை ஒன்றை மடித்து வைத்து மதாம் வீட்டில் கொடுத்தோம். நாத்தனார் விதிமுறைகளை எல்லாம் அவருக்கு விளக்கினார். மதாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் ரூம்ல மாதா சுரூபத்துக்குக் கீழ வைக்கிறேன். ஒங்க சாமியும் எங்க மாதாவும் பேசிக்கட்டும்," என்று பையை வாங்கிக்கொண்டார். அதுதான் அவர் எங்களிடம் கடைசியாகப் பேசியது.

திங்கள் சாயங்காலம் மதாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள். பக்கத்து வீட்டில் அழுகுரல் கேட்டு நான் எழுந்து ஓடப் பார்த்தேன். வழியனுப்ப வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த நாத்தனார் கதவை மறித்து நின்றார்.

"துக்க வீட்டுல வச்ச கால் மறுநாள் வெளியூர் போகக் கூடாது. போறதுன்னா பயணத்த விடு. பயணம்னா அந்த வீட்டுக்குப் போவாத."

"அந்தப் பை?"

"பொடவைதான? அது போனாப் போவட்டும்."

நான் போகவில்லை. என் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டவரின் முகத்தைப் பார்க்க, சுவருக்கு அந்தப் பக்கம் போகவில்லை. அவர்கள் ஜெபமாலை சொல்வது சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். ஒட்டகச்சிவிங்கியின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

செவ்வாய் காலை வாசலில் கார் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என் கணவர் திடீரென்று அப்படியே திகைத்து நின்றார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டைகள் எங்கே என்று கேட்டேன். அதற்காகவே சென்னைக்குப் போய் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தோம். அசல் அட்டை கையில் இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"அந்தப் பையில," என்றார்.

"எந்தப் பையில?"

"பரஸ்தானப் பைய மறக்க முடியாதுல்ல. அத எடுக்காமக் கெளம்பவே மாட்டோம். அதான் பத்திரமா இருக்கட்டும்னு அதுல வச்சேன்."

யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததில் புத்திசாலித்தனம் இருந்தது, அதுதான் கொடுமை. தான் போய் எடுத்து வருவதாகச் சொன்னார். நான் விடவில்லை. நேற்று எட்டிப் பார்க்காத பாவம் என்னுடையது. நாத்தனார் பின்னாலேயே வந்தார், ஆனால் மதாம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டார்.

பாரிஸிலிருந்து மகன் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும் என்பதால் குளிர்ப் பெட்டி வரவழைத்து அதில் கிடத்தியிருந்தார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் எனக்கு எல்லாம் இருட்டு. பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. மதாமின் தங்கை மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அழுதுகொண்டே கேட்டேன். பை மதாமின் அறைக்குள் இருக்கிறது, எனக்கு இப்போதே வேண்டும், கார் நிற்கிறது என்றேன். அவள் என் கையை விட்டாள்.

"அக்கா, ரூம் கதவுக்குக் குறுக்கதான் பெட்டி வச்சிருக்கோம். பிளக் பாயிண்டு அங்க ஒண்ணுதான் இருக்கு. நகத்தணும்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். மனசாட்சி உள்ளவள் அதைத்தான் செய்திருப்பாள். "நகத்துங்க," என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. நாலு பேர் எழுந்து வந்து பிடித்தார்கள். தரையில் கிறீச்சென்று சத்தம் வந்தது. யாரோ செருகியை உருவினார்கள், மோட்டார் நின்றது.

அந்த இடுக்கில் புகுந்து அறைக்குள் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. விளக்கைப் போட்டார்களா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டித் துழாவினேன். எதிலோ இடித்து மெழுகுவத்தித் தண்டு ஒன்று கீழே விழுந்து உருண்டது. மண்டிபோட்டேன். கட்டில் கால், செருப்பு, ஒரு பிளாஸ்டிக் வாளி. பை மட்டும் கையில் அகப்படவில்லை. தரையைத் தடவிக்கொண்டே நகர்ந்தேன். கூடத்திலிருந்து அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"என்னாச்சு இவங்களுக்கு? கண்ணுக்கு நேரதான பை இருக்கு. கண்ணு தெரியலயா?"

யார் கேட்டது என்று தெரியாது. வேண்டுமென்று கேட்டதும் இல்லை. முதுகு வலியும் முழங்கால் வலியும் சொல்லி நான் மூடி வைத்திருந்தது அந்தக் கூடத்தில் ஒரே நொடியில் வெளியே வந்தது. மகளின் சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். பை கிடைத்தாலும் இனி எதற்கு என்றுகூட நினைத்தேன். ஆனாலும் கை நிற்கவில்லை, தரையைத் தடவிக்கொண்டே இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியிலேயே நாத்தனார் என்று தெரிந்தது.

"அண்ணி, நீங்க உள்ள வரக் கூடாதே," என்றேன்.

"வந்தாச்சு. இந்தா," என்று பையின் காதைத் தூக்கி என் விரல்களுக்குள் வைத்து மூடினார் நாத்தனார். பிறகு காதோரமாக, "எத்தன நாளா?" என்றார்.

"ரெண்டு வருஷமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" கேட்டவரே பதிலையும் சொல்லிக்கொண்டார். "புள்ளைக்கு எடம் பாக்குறது நானு. எங்கிட்ட எப்புடிச் சொல்லுவ."

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மதாமின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். என்னைத் தூக்கி நிறுத்தி, வெளியே கொண்டுவந்து, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து, பெட்டியின் கண்ணாடிக்கு மேல் குனிய வைத்தார். "இங்க இருக்கு மொகம்." கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. தன் முந்தானையால் அதைத் துடைத்தார். முழு முகத்தையும் ஒரே பார்வையில் பார்க்க என் குழாய் போதவில்லை. நெற்றியைப் பார்த்தேன். பிறகு மூக்கு. பிறகு உதடு, சாயம் பூசியிருந்தார்கள். அவரை ஓரமாக நகர்த்தச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். செருகியை மறுபடி மாட்டினார்கள், மோட்டார் ஓடத் தொடங்கியது.

வெளியே வந்ததும் நாத்தனார் எங்கள் வாசல் குழாயடியில் என்னை நிறுத்தினார். ஒரு குடத்தை நிரப்பி, புடவையோடு சேர்த்து என் தலையில் கவிழ்த்தார். இன்னொரு குடம். பிறகு தன் தலையிலும் ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டார்.

"தீட்டு போச்சு. ஏறு வண்டியில."

"அண்ணி, மாப்ள வீட்டுக்கு..."

"நானே சொல்லிக்கிறேன். முழுசாச் சொல்லுவேன். அதுக்கப்பறமும் வர்றவங்கதான் வரணும்." ஈரம் சொட்டச் சொட்டக் கார்க் கதவைத் திறந்து, என் தலை இடிக்காமல் கையைக் குடைபோல வைத்து என்னை உள்ளே உட்கார வைத்தார். மறுபக்கம் ஏறிய என் கணவரிடம், "தம்பி, அவளுக்கு எல்லாத்தையும் நல்லாக் காட்டு," என்றார்.

கார் நகர்ந்தது. நண்டலாற்றுப் பாலம் தாண்டியது. என் தலையிலிருந்து தண்ணீர் சீட்டில் வடிந்துகொண்டிருந்தது, பல் கிட்டித்தது. பை மடியில் இருந்தது. அட்டைகளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அடியில் அந்தப் புடவை காய்ந்த மணத்தோடு மடிப்புக் கலையாமல் இருந்தது.

"குளிருதுல்ல? எங்கயாவது நிறுத்தச் சொல்றேன், பொடவைய மாத்திக்க," என்றார்.

"வேணாங்க. எங்கயும் நிறுத்தச் சொல்லாதீங்க," என்றேன். "வெளிச்சம் இருக்கறப்பவே போயிடணும்."